நங்கை போட்ட தேன்மிளகாய்

அண்ணனுக்கு முறைக்காய்ச்சல் வந்து போன கோடையில், நான் நாமக்கல்லில் பள்ளி இறுதிப் பரீட்சையை எழுதிவிட்டு ஊரில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா இறந்தபின், என்னைப் படிக்க அனுப்பிவிட்டு ஏரைத் தான் பிடித்துக்கொண்டவர் அண்ணன். யுத்த காலமாதலால் கொயினா மாத்திரைக்குத் தட்டுப்பாடு. ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நின்று வாங்கி வந்து கொடுத்தோம். காய்ச்சல் நின்றது. சோறு மட்டும் இறங்கவில்லை.

அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். வட்டில் நிறையக் கம்பங்களியை வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினால், நிமிரும்போது வட்டில் கழுவி வைத்தது போல இருக்கும். அப்படிப்பட்டவர் இப்போது களியின் வாசம் வந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "எல்லாமே கொயினாவாக் கசக்குது" என்பார். மருந்தின் வேலை முடிந்தது, இனி சோறுதான் மருந்து என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சோறு வட்டிலிலேயே கிடந்தது.

நாங்கள் உழுதது குத்தகை நிலம். நிலத்துக்குச் சொந்தக்காரரை எங்கள் பக்கத்தில் பண்ணாடி என்பார்கள். எங்கள் பண்ணாடி கெட்டவர் அல்ல. அண்ணனைப் பார்க்க வந்தபோது கட்டில் ஓரமாக நின்று, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வானத்தைப் பார்ப்பது போலக் கூரையைப் பார்த்தார்.

"இன்னொரு மழை நல்லா உளுந்துதுன்னா மக்யா நாளே ஏரு பூட்டோணும். கடலை போடற நெலம். உன்னால ஆகலீன்னா இப்பவே சொல்லிப்போடு. கேக்கறவங்க ரெண்டு மூணு பேரு இருக்கறாங்க. நெலத்தைச் சும்மா போட முடியாது பாரு."

"தம்பி இருக்கறானுங்க" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

பண்ணாடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிக்கற புள்ளையவும் கெடுத்து, நெலத்தையும் கெடுக்கோணுமா?"

அவர் சொன்னதில் தவறில்லை. முந்தின வருஷ விடுமுறையில் நான் கோணலாக ஓட்டிய உழவுச் சாலை எங்கள் மாடுகளே திரும்பித் திரும்பிப் பார்த்தன. கூலிக்கு ஆள் பிடிக்கவும் வழியில்லை. அந்த மழைக்கு எல்லோரும் அவரவர் நிலத்தில் இருப்பார்கள். ஆகவே அண்ணன் எழுந்து ஏர் பிடித்தால் நிலம் உண்டு. எழ வேண்டுமானால் அவர் சாப்பிட வேண்டும்.

அண்ணன் மனைவியை எங்கள் ஊரில் நங்கை என்று கூப்பிடுவோம். எங்கள் நங்கை கொல்லிமலை அடிவாரத்து ஊரிலிருந்து வந்தவர். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவராக இருக்கும். காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாளில் அவர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்: புருஷன் மறுபடி ஏர் பிடிக்கும்வரை தன் நாக்கில் உப்பும் மிளகாயும் படாது. அன்றிலிருந்து அவருக்கு உப்பில்லாக் கஞ்சி. சமையல் அவர்தான் செய்தார். ஆனால் உப்பும் காரமும் போடுவதை அம்மா எடுத்துக்கொண்டார்.

அண்ணனைச் சாப்பிட வைக்க அம்மா படாத பாடில்லை. "ஒரே வாயி, சாமி. எனக்காகத் தின்னு சாமி" என்று வட்டிலோடு கட்டிலைச் சுற்றி வருவார். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து கெஞ்சுவார்கள். அண்ணன் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார். இதையெல்லாம் சில நாள் பார்த்துக்கொண்டிருந்த நங்கை, ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்:

"எல்லாருஞ் சேந்து தின்னு தின்னுன்னு சொல்லங்காட்டித்தானுங்க அவரு திங்க மாட்டீங்கறாரு. எங்கூட்டுல தேன்மிளகாய் போடுவாங்க. அதைப் போட்டுப் பாக்கறனுங்க அத்தை."

"கசக்குதுங்கற வாய்க்குத் தேனு சரி. மொளகா எதுக்கு அம்மிணி?"

"வெறுந் தேனைக் குடுத்தா நக்கிப்போட்டுப் படுத்துக்குவாருங்க. மொளகாயைக் கடிச்சாப் படுக்க முடியுமா?"

அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

தேன் வாங்கச் சேந்தமங்கலம் சந்தைக்கு நங்கையும் நானும் போனோம். மலையிலிருந்து இறங்கி வந்தவர் ஒருவர் புளிய மரத்தடியில் துணி அடைத்த புட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நங்கை ஒரு புட்டியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளேயிருந்த காற்றுக்குமிழி சட்டென்று மேலே ஓடியது. புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது தண்ணித் தேனுங்க. வேற எடுங்க."

"தண்ணியா? நான் என்ன பால்காரனா, தண்ணி ஊத்த?" என்றார் மலைக்காரர். பக்கத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டு, நம்மைச் சொல்லிவிட்டானே என்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க ஊத்துனீங்கன்னு சொல்லலீங்க. கோடை மழைக்குப் பொறவு எடுத்த தேனு இது. தேன்பூச்சி தண்ணியோட கொண்டாந்திருக்குது. மழைக்கு முந்தி எடுத்தது இருக்குமே."

அவர் நங்கையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு மூட்டைக்குள் கையை விட்டு வேறொரு புட்டியை எடுத்தார். அதைக் கவிழ்த்தபோது குமிழி, நிறைமாதக்காரி படியேறுவது போல, நின்று நின்று மேலே போனது. அதைத்தான் வாங்கினோம். "எந்த ஊரு அம்மிணி நீ?" என்று மலைக்காரர் கேட்டார். நங்கை ஊர்ப் பெயரைச் சொன்னதும், "முன்னாலயே சொல்லியிருந்தா நேரம் மிச்சம்" என்றார்.

பழுத்த ஊசிமிளகாய் எங்கள் வேலியோரத்திலேயே இருந்தது. அதைக் கத்தியால் கீறாமல், வேலாமுள்ளால் ஒவ்வொன்றிலும் குத்தினார் நங்கை. கீறினால் விதை கொட்டிவிடும், குத்தினால் தேன் மட்டும் உள்ளே போகும் என்றார். இஞ்சியைத் தோல் சுரண்டி, தீக்குச்சி மாதிரி சன்னமாக அரிந்து, இரண்டையும் தனித்தனி முறத்தில் வெயிலில் பரப்பினார். இந்த வேலையில் ஈரம்தான் எதிரி. துளி ஈரம் இருந்தாலும் தேன் நுரைத்துப் புளித்துவிடும். மேகம் ஏறும்போதெல்லாம் முறங்கள் உள்ளே போகும். விலகினால் வெளியே வரும். களத்துக்கும் வீட்டுக்கும் அவர் நடந்த நடைக்கு ஓமலூர் போய் வந்திருக்கலாம். வளைத்தால் இஞ்சி ஒடிய வேண்டும், மிளகாய் சுருங்கினாலும் வளைய வேண்டும். அந்தப் பதம் வரும்வரை ஜாடிப் பக்கமே போகவில்லை.

உப்பில்தான் கோளாறு நடந்தது. மிளகாயும் இஞ்சியும் பதத்துக்கு வந்த மத்தியானம் அம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். வெயில் இறங்குமுன் ஜாடியில் போட வேண்டுமே என்று நங்கையே கல்லுப்பை வறுத்தார். பொடிக்கும்போது தூசி பறந்து நாக்கில் பட்டுவிடக்கூடாதென்று முந்தானையால் வாயையும் மூக்கையும் இறுகக் கட்டிக்கொண்டார். கண்கள் மட்டும் தெரிய அவர் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கொள்ளைக்காரி மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். வாய் கட்டியிருந்ததால் பதில் வரவில்லை. உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்துவிட்டு அவர் தண்ணீருக்குப் போனார். நானும் குடத்தோடு பின்னால் போனேன்.

அந்த நேரத்தில் அம்மா திரும்பி வந்து ஜாடியைத் திறந்து பார்த்திருக்கிறார். உப்பு விரதம் இருப்பவள் உப்புப் பானையில் கை வைக்கமாட்டாள் என்பது அம்மாவின் கணக்கு. நாக்கில் படாதவரை கையில் படலாம் என்பது நங்கையின் கணக்கு. அம்மா வழக்கம்போல் தன் பங்கு உப்பைத் தாராளமாகப் போட்டு மூடிவிட்டார். நங்கை வந்து அதன்மேல் தேனை ஊற்றித் துணியால் வாயைக் கட்டினார். ஊறி முடியும்வரை கரண்டி விடக்கூடாது என்பதால் யாரும் ருசி பார்க்கவில்லை. ஜாடி நாள்தோறும் வெயிலில் உட்கார்ந்து, உள்ளே மிளகாய் சிவப்புக் கண்ணாடி வளையல் நிறத்துக்கு வந்தது. எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் மிளகாயை அண்ணன் வாயில் போட்டதும் கட்டிலுக்கு அப்பால் துப்பினார்.

"ஏன் புள்ள, உப்பு வண்டி நம்ம ஊட்டுக்குள்ளயா கவுந்துது?"

திரும்பிப் படுத்தவர், அதுவரை தினமும் குடித்துவந்த அரை டம்ளர் கஞ்சியையும் அன்று தொடவில்லை. கிழக்கே மலைமேல் கருமேகம் படுத்திருந்தது.

நான் ஒரு துண்டு இஞ்சியை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

"நான் போட்டது சரியாத்தானே இருந்துது" என்றார் அம்மா.

நங்கை மெதுவாகத் திரும்பினார். "நீங்களும் போட்டீங்களா அத்தை?"

அந்த இடத்தில் ஒரு சண்டை வரும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அம்மா ஜாடியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "உன்ற நாக்கைத்தான் ஆத்தாளுக்குக் கட்டிவெச்சே. என்ற கையையும் சேத்துக் கட்டியிருக்கோணும்" என்றார். பிறகு தணிந்த குரலில், "மாரியாத்தா ஒரு சொட்டுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டா. நீயே நாக்குல வெச்சுப் பாத்துச் சரி பண்ணிப்போடு, கண்ணு" என்றார்.

"நான் பாத்தும் பிரயோசனமில்லீங்க அத்தை. உப்பே படாத நாக்கு இது. துளி பட்டாலும் எனக்குக் கரிக்கும். நீங்களும் தம்பியும் பாருங்க. நான் உங்க மூஞ்சியைப் பாத்துக்கறேன்."

விரதத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் சொன்ன சாக்காக அது எனக்குத் தோன்றவில்லை. வேலை தெரிந்தவரின் பேச்சாகவே இருந்தது.

ஜாடியைக் கொட்டிவிட அவருக்கு மனமில்லை. வேறு மிளகாய் காய வைக்க வெயிலும் போதாது. பின்பக்கத்துக் கிளிமூக்கு மாமரத்தில் கடைசிக் காய்கள் சில இருந்தன. அவற்றைத் தோலோடு மெல்லிய கீற்றாக அரிந்து, உப்பே போடாமல், சூடேறிய பாறைமேல் வேட்டித் துணி விரித்துக் காய வைத்தார். மாங்காய்க் கீற்று சருகு போல ஆனதும் ஜாடிக்குள் போட்டு, புட்டியில் மிச்சமிருந்த தேன் முழுவதையும் ஊற்றினார். காய்ந்த மாங்காய் உப்பை உறிஞ்சும், புளிப்பையும் கொடுக்கும் என்பது அவர் கணக்கு.

அதன்பின் ஒவ்வொரு நாளும் எங்கள் இருவருக்கும் சோதனை. உலர்ந்த கரண்டியால் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பார்.

"நல்லாருக்குதுங்க" என்பேன்.

"தம்பி, நீங்க எதைக் குடுத்தாலும் நல்லாருக்குதும்பீங்க. வாயைத் தொறக்காதீங்க. மென்னு முழுங்குங்க." சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் உப்பு இருக்குது. இடது கண்ணைச் சுருக்கறீங்க" என்பார்.

அம்மாவின் முகம் காரத்துக்கு அசையாது. அது அசைந்தால் உப்பு மிச்சம் என்று அர்த்தம். என் முகம் காரத்துக்கு உடனே சிவக்கும். அதில் காரமும் தெரியும். இரண்டு பேரின் நாக்கையும் தன் வாயில் வைத்திருப்பவர் போல அவர் அந்த ஜாடியை நடத்தினார். ஒருநாள் அம்மா துண்டை மென்று விழுங்கிவிட்டுக் கேட்காமலேயே இன்னொன்றுக்குக் கை நீட்டினார். நங்கை ஜாடியை மூடினார். "ஆச்சுங்க" என்றார்.

ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் அம்மாவைக் கலக்கியது.

"நாளைக்கு யாரும் அவருக்குச் சோறு வெக்காதீங்க. திங்கவும் சொல்லாதீங்க. கேட்டாக் குடுக்கலாம்."

"ஏம் புள்ள, திங்காதவனுக்குச் சோறுங்கூட வெக்கலீன்னா ஊரு என்னயத்தானே பேசும்?"

"பேசுட்டுங்க. ஒரே ஒரு நாளு."

மறுநாள் காலை ஒரு சிறிய கிண்ணத்தில் மூன்று நான்கு மிளகாயும் கொஞ்சம் மாங்காயும் தேன் சொட்டச் சொட்டக் கட்டிலருகே முக்காலியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நங்கை போய்விட்டார். அண்ணன் பார்க்கும் தூரத்தில், ஆனால் அவர் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து மோர் கடைய ஆரம்பித்தார். அம்மா மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். நான் வாசலில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு எதையும் படிக்காமல் இருந்தேன்.

அண்ணன் கிண்ணத்தை முறைத்தார். யாராவது வந்து கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தது போலத் தெரிந்தது. யாரும் வரவில்லை. ஒரு விரலால் தேனைத் தொட்டு நக்கினார். மறுபடி தொட்டார். பிறகு மாங்காய்க் கீற்றொன்று. அதை மெல்லும்போது அவர் தாடை அசைந்த வேகம் எனக்குப் பழைய அண்ணனை நினைவூட்டியது. அப்புறம் மிளகாய். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏ புள்ள. மோரு கொண்டா."

"இன்னும் வெண்ணெய் தெரளலீங்க" என்றார் நங்கை, திரும்பாமல்.

"தண்ணியாச்சுங் கொண்டா."

"தண்ணி குடிச்சா இன்னும் எரியுமுங்க."

"அப்ப என்னதான் இருக்குது இந்த ஊட்டுல?"

"களி இருக்குதுங்க. நீங்க வேண்டாம்பீங்க."

"நாக்கு வேகுதுங்கறேன், வேண்டுமா வேண்டாமான்னு கதை பேசற. கொண்டா புள்ள."

நங்கை மத்தை நிறுத்தினார். அவசரமே இல்லாமல் எழுந்து போய், ஒரு கைப்பிடிக் களியை மட்டும் வட்டிலில் வைத்துக் கொண்டு வந்தார். அண்ணன் அதை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "இத்தனூண்டுதானா?" என்றார். கொட்டகையில் அம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நங்கையின் முகத்தில் வெற்றியோ சிரிப்போ இல்லை. இன்னொரு கைப்பிடி வைத்துவிட்டு, மறுபடி மோர் கடைய உட்கார்ந்தார். நான் படித்தவை கொஞ்சம்தான்; ஆனால் ஒரு காரியத்தை அப்படி யோசித்து, அப்படிப் பொறுத்திருந்து, தன் வாயால் ருசியே பார்க்காமல் முடித்தவரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மிளகாய்க்காகக் களி கேட்டவர், நாளாக ஆகக் களிக்காக மிளகாய் கேட்டார். பிடியளவு வட்டிலளவாகியது. கட்டிலைவிட்டு எழுந்து, கொட்டகைவரை நடந்து, மாட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருவார். பழைய பலத்தில் பாதிகூட வராத நிலையில் மழை வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் முழுக்கக் கொட்டி மண்ணை நன்றாக நனைத்துவிட்டுப் போனது.

மறுநாள் விடியலில் அண்ணன் மாட்டைப் பூட்டினார். நாங்கள் எல்லோரும் கூடவே போனோம். மேழியைப் பிடித்து முதல் சாலை அவர் ஓட்டியது நூல் பிடித்தது போல இருந்தது. சில சால்கள் அப்படியே போயின. பிறகு ஒரு சாலின் முடிவில் நின்றார். வேப்ப மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. "கொஞ்சம் இருங்க, வந்தர்றேன்" என்று மாடுகளிடம் சொன்னார்.

ஏர் பிடித்தாயிற்று, விரதம் முடிந்தது என்று அம்மா மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். நங்கையின் உள்ளங்கையில் ஒரு தேன்மிளகாயை வைத்தார். "உன்ற சாமானம். நீயும் தின்னு பாரு."

நங்கை அதை முழுசாக வாயில் போட்டுக் கடித்தார். அத்தனை நாள் உப்பும் காரமும் அறியாத நாக்கு. கண்ணிரண்டும் உடனே நிறைந்து வழிந்தன. மூச்சை உள்ளிழுத்தார். பேச்சு வரவில்லை.

அப்போதுதான் பண்ணாடி வரப்பில் வந்து நின்றார். உழுத சாலைப் பார்த்தார். உழாமல் கிடந்த மீதி நிலத்தைப் பார்த்தார். மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். "ஓட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா..." என்று இழுத்தார். பிறகு அவர் பார்வை நங்கைமேல் விழுந்தது. நங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது வழிந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

பண்ணாடிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. செருப்பால் மண்ணைக் கிளறினார்.

"அட, அழுவாத அம்மிணி. நான் இப்ப என்ன சொல்லிப்போட்டேன்? மெதுவா ஓட்டட்டும். மண்ணு ஈரம் இன்னும் மூணு நாளு நிக்கும். சாயந்தரமா வந்து வெதைக்கடலையை எடுத்துக்கிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு, யாராவது நன்றி சொல்லிவிடுவார்களோ என்பது போல வேகமாகப் போனார். அது மிளகாய் வரவழைத்த கண்ணீர் என்று அவர் வரப்புத் திரும்பி மறையும்வரை யாரும் சொல்லவில்லை. அண்ணன் எழுந்து மாடுகளிடம் போனார். நங்கைக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"மொளகா இன்னும் கொஞ்சம் காஞ்சிருக்கோணுமுங்க" என்றார்.

அம்மா பொட்டலத்தை மடித்து மடியில் செருகினார். "காஞ்சது போதும். நீ இன்னொண்ணு தின்னிருந்தீன்னா அந்த மனுசன் தன்ற கெணத்தையுஞ் சேத்துக் குடுத்திருப்பாரு" என்றார்.